புறம்போக்கில் வாழும் உறவுகள்

வருவாய்த் துறைப் பதிவேடுகளில் நன்செய், புன்செய் என்று வரி கட்டும் நிலங்களெல்லாம் வரிசையாக வந்து முடிந்த பிறகு, அந்தக் கணக்குக்குள் வராத நிலங்களுக்கென்று ஒரு சொல் நிற்கும்: புறம்போக்கு. ஏரிப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு, வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று அதில் பல வகை. வரிக்குப் புறம்பானது என்ற அளவில் பிறந்த சொல், நாளடைவில் ஒன்றுக்கும் உதவாதது என்ற பொருளைச் சுமந்து, ஆளைத் திட்டும் வசையாகவே ஆகிவிட்டது. ஆனால் நெல்லும் கரும்பும் கடந்த நூறு ஆண்டுகளில் தடுமாறியபோது அவற்றைத் தூக்கி நிறுத்திய செடிகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் போனால், வழி பெரும்பாலும் இப்படிப்பட்ட இடத்தில்தான் போய் முடிகிறது. குளத்தங்கரை, சாலையோரப் பள்ளம், ஆற்றுப்படுகை, சதுப்பு. பயிர்களின் காட்டு உறவுகளைக் காப்பது பற்றிப் பேச்சு எழுந்தால் நம் மனம் உடனே அடர்ந்த மலைக்காட்டுக்கும், பனிக்குள் புதைத்த விதைப் பெட்டகத்துக்கும் ஓடுகிறது. இரண்டும் வேண்டியவைதான். ஆனால் அந்தச் செடிகளின் மதிப்பில் பெரும்பங்கு அவை வாழும் இடத்தோடு ஒட்டியது. அந்த இடமோ பல நேரங்களில் காடே அல்ல. இந்த அத்தியாயம் நிறுவ முயல்வது இதைத்தான்.

முதலில் ஒரு செடியைப் பக்கத்தில் நின்று பார்ப்போம். மழைக்காலத்தில் நிரம்பி, கோடையில் வெடித்துக் காயும் ஒரு குளம். அதன் ஓரத்தில் ஆழமில்லாத தண்ணீரில் நெற்பயிர் போலவே ஒரு புல். கதிர் வரும்வரை அதை நெல்லிலிருந்து பிரித்தறிவது பழகிய கண்ணுக்கும் கடினம். கதிர் வந்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும். மணிகள் நெருங்கித் தொங்காமல் விலகி நிற்கும். ஒவ்வொரு மணியின் நுனியிலும் நீண்ட, சொரசொரப்பான மீசை ஒன்று இருக்கும். உருவிப் பார்க்கலாம் என்று கை வைத்தால் முற்றிய மணிகள் கைக்கு அகப்படாமல் தண்ணீரில் உதிரும். எல்லா மணியும் ஒரே நாளில் முற்றுவதும் இல்லை. விதை சேகரிக்கப் போகிறவர்கள் கதிருக்கு முன்கூட்டியே பை கட்டிவைப்பது இதனால்தான். உதிர்ந்த மணி சேற்றில் செருகிக்கொண்டு, குளம் வற்றிய கோடை முழுவதும் உறங்கி, அடுத்த மழைக்கு முளைக்கும். தமிழில் இதற்குக் குளநெல் என்று பெயர், வடமொழியில் நீவாரம். உழாமல் விதைக்காமல் தானே விளைவதால் துறவிகளுக்கு உகந்த உணவென்று அதைக் கருதினார்கள். தாவரவியலார் வழங்கும் ஒரைசா நிவாரா என்ற பெயரிலும் அந்தப் பழஞ்சொல்லே இருக்கிறது. எஸ்.டி. சர்மா, சாஸ்திரி என்ற இரு இந்திய அறிவியலாளர்கள் 1965இல் சூட்டிய பெயர் அது.

நெல்லை மனிதர் வசப்படுத்திய கதை, சுருக்கமாகச் சொன்னால், மணி உதிராத கதிரைத் தேடித் தேடி எடுத்த கதை. உதிரும் கதிர் செடிக்கு நல்லது, அறுப்பவருக்கு நட்டம். உதிர்வைக் கட்டுப்படுத்துவதில் பெரும்பங்கு வகிக்கும் எஸ்எச்4 என்ற மரபணுவை 2006இல் அடையாளம் கண்டபோது, காட்டு நெல்லுக்கும் பயிர் நெல்லுக்கும் அந்த இடத்தில் உள்ள முக்கிய வேறுபாடு ஒரே ஓர் எழுத்து மாற்றம் என்று தெரிந்தது. அந்த ஓர் எழுத்துக்காக நம் முன்னோர் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கதிர்களைப் பொறுக்கினார்கள். அப்படிப் பொறுக்கும்போது, எடுத்த கதிர்களில் இருந்த மரபணுக்கள் வயலுக்கு வந்தன. எடுக்காத கதிர்களில் இருந்தவை குளத்தோடு நின்றுவிட்டன. விடுபட்டவற்றில் எது பின்னால் தேவைப்படும் என்று யாருக்கும் தெரியாது. எந்த நோய் வரும் என்று தெரியாமல் எந்த மருந்தை எடுத்து வைப்பது? பயிர் என்பது காட்டுச் செடியை வடிகட்டி எடுத்த சாறு. வடிகட்டியில் தங்கியது சக்கை என்று நாம்தான் முடிவு கட்டிக்கொண்டோம். இருபதாம் நூற்றாண்டில் உயர் விளைச்சல் ரகங்கள் வந்தபோது அந்தச் சாறும் மேலும் ஒருமுறை வடிகட்டப்பட்டது. ஊருக்கு ஊர் வேறுபட்ட நெல் இருந்த இடத்தில், நாட்டுக்கு நாடு ஒன்றுபோன்ற நெல் வந்து நின்றது.

அதன் விளைவு 1970களில் தெரிந்தது. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், இந்தியா என்று பல நாடுகளின் வயல்களில் புல்தழைக் குட்டை நோய் பரவியது. புகையான் பூச்சி சுமந்து வரும் வைரஸ் இது. தாக்குண்ட பயிர் சாவதில்லை. குட்டையாக நின்று, புல் கற்றை போலத் தூர் மேல் தூர் வெடித்து, கதிர் மட்டும் வைக்காது. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் தன்னிடமிருந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் தொகுப்புகளை இந்த நோய்க்கு உட்படுத்திப் பார்த்தது. பயிர் நெல்லில் ஒன்றுகூடத் தேறவில்லை. தேறியது, இந்தியாவில் 1960களில் திரட்டிய ஒரே ஒரு ஒரைசா நிவாரா தொகுப்பு. அதிலும் எல்லாச் செடிகளும் அல்ல, ஒரு சில மட்டுமே. அந்தச் செடிகளிலிருந்த ஒரே ஓர் ஓங்கு மரபணுவை குர்தேவ் குஷ் தலைமையிலான குழு திரும்பத் திரும்பப் பின்கலப்பு செய்து உயர் விளைச்சல் நெல்லுக்குள் கொண்டுவந்தது. அந்த வழியில் பிறந்தவற்றுள் புகழ்பெற்றது 1976இல் வெளியான ஐஆர்36. 1980களின் தொடக்கத்தில் உலகில் சுமார் 110 லட்சம் ஹெக்டேரில் அது விளைந்தது. அதுவரை எந்த நெல் ரகமும், எந்தப் பயிரின் ரகமும்கூட, அவ்வளவு பரப்பைப் பிடித்ததில்லை.

வெற்றிக் கதையாக மட்டும் இதைச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். கூர்ந்து பார்த்தால் இதற்குள் மூன்று பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, அந்த விதையைத் திரட்டியவர்கள் இந்த நோயை மனத்தில் வைத்துத் திரட்டவில்லை. தேவை தெரிந்த பிறகு தேடப் போயிருந்தால் காலம் கடந்திருக்கும். இரண்டு, ஆறாயிரத்தில் ஒரு தொகுப்பு, அந்தத் தொகுப்பிலும் சில செடிகள் என்றால், அரிய மரபணு இனம் முழுவதிலும் பரவிக் கிடப்பதில்லை. ஏதோ ஒரு குளத்தில், ஏதோ ஒரு மூலையில் ஒளிந்திருக்கிறது. ஓர் இனம் அழியவில்லை என்பதால் அதன் செல்வம் அழியவில்லை என்று ஆகாது. குளம் குளமாக அது குறைந்துகொண்டே வரும். இனத்தின் பெயர் மட்டும் பட்டியலில் பத்திரமாக இருக்கும். மூன்று, அந்த எதிர்ப்பும் நிலைக்கவில்லை. 1980களின் தொடக்கத்திலேயே பிலிப்பைன்ஸில் இந்த வைரஸின் வேறொரு வகை தலைகாட்டியது. நிவாரா தந்த மரபணு அதைத் தடுக்கவில்லை. ஆகவே காட்டு உறவிடம் ஒருமுறை கடன் வாங்கி வந்தால் போதும் என்ற கணக்கு தப்பு. மீண்டும் மீண்டும் போய்க் கேட்க வேண்டியிருக்கும். போகும்போது அந்த வீடு இருக்க வேண்டும்.

இதைவிடப் பழைய சான்று கோயம்புத்தூரில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியா கரும்பு மிகுதியாகப் பயிரிட்ட நாடு. ஆனால் ஜாவாவிலிருந்து சர்க்கரை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. வட இந்தியாவின் கரும்புகள் விரல் பருமனில் மெலிந்தவை. தென்னாட்டின் தடித்த, சாறு மிகுந்த கரும்பை அங்கே கொண்டுபோய் நட்டால் பஞ்சாபின் குளிரும் வறட்சியும் அதைச் சாய்த்துவிடும். இனிப்பு ஒரு செடியிடம், தாங்கும் வலு இன்னொரு செடியிடம். 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியபோது சி.ஏ. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் அந்த வலுவைத் தேடியது ஆற்றோரத்து நாணலில். உழவர் களை என்று வெட்டி எறியும் அதே நாணல். சக்காரம் ஸ்பான்டேனியம் என்பது அதன் அறிவியல் பெயர். தண்டு பென்சில் பருமன், உள்ளே நெட்டி, இனிப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளை என்ற தடித்த கரும்பைத் தாயாகவும் கோயம்புத்தூர்ப் பகுதி நாணலைத் தந்தையாகவும் வைத்துக் கலந்ததில் பிறந்தது கோ 205. 1918இல் அது வெளியாகி, பஞ்சாபில் வழங்கிவந்த கரும்பைவிடப் பாதிக்குப் பாதி கூடுதலாக விளைந்தது. கரும்பு இயல்பாகப் பூத்து விதை பிடிக்கும் காலநிலை கோயம்புத்தூரில் இருந்ததும், சில கல் தொலைவில் அதன் முரட்டு உறவு வளர்ந்ததும் ஒன்றுசேர்ந்த இடத்தில்தான் இது நடந்தது.

கரும்பின் செல்லுக்குள் நடந்ததும் கவனிக்கத் தக்கது. தடித்த கரும்புக்கு 80 குரோமோசோம்கள். நாணலுக்கு இடத்தைப் பொறுத்து 40 முதல் 128 வரை. பொதுவாகத் தாயும் தந்தையும் தத்தம் பங்கில் பாதியைக் கொடுக்க வேண்டும். இங்கே தாய்க்கரும்பு பாதியாக்காமல் 80 குரோமோசோம்களையும் அப்படியே கொடுத்துவிடுகிறது. நாணல் மட்டும் பாதி கொடுக்கிறது. முதல் கலப்பிலேயே கரும்பின் பங்கு ஓங்கிவிடுவதால், அடுத்தடுத்து கரும்போடு சேர்க்கும்போது இனிப்பு விரைவில் திரும்புகிறது. நாணலின் வலு கொஞ்சமாகத் தங்குகிறது. இன்று உலகமெங்கும் ஆலைக்குப் போகும் கரும்பின் குரோமோசோம்களில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை நாணலின் கொடை. ஜாவாவில் டச்சுக்காரர்கள் செரே நோயால் திணறியபோது அவர்களைக் கரையேற்றியதும் செரெமாய் எரிமலைச் சரிவில் தானாகப் பிறந்திருந்த ஒரு கரும்பு–நாணல் கலப்புதான். அதன் வழிவந்த பிஓஜே 2878 ரகம் 1920களின் இறுதிக்குள் ஜாவாவின் கரும்புத் தோட்டங்களை ஏறத்தாழ முழுவதுமாகப் பிடித்தது. ஆனால் கோயம்புத்தூரிலும் ஜாவாவிலும் பயன்படுத்திய நாணல் செடிகள் விரல்விட்டு எண்ணத் தக்கவை. உலகக் கரும்பு முழுவதும் அந்த ஒரு சில தாத்தாக்களின் வாரிசு. அண்மையில் உத்தரப் பிரதேசத்தின் கரும்புப் பரப்பில் பெரும்பகுதியைப் பிடித்திருந்த கோ 0238 ரகத்தைச் செவ்வழுகல் நோய் தாக்கியபோது, ஒற்றை ரகத்தை நம்புவதன் ஆபத்து மறுபடியும் தெரிந்தது.

மற்றச் சான்றுகளை வேகமாகக் கடந்துபோகலாம். 1970இல் சீனாவின் ஹைனான் தீவில், யுவான் லொங்பிங்கின் குழுவினர் ஒரு சதுப்பில் மகரந்தம் வளமில்லாத காட்டு நெற்செடி ஒன்றைக் கண்டார்கள். தன் மகரந்தத்தால் தானே கருவுறும் நெல்லில் வீரிய ஒட்டு விதையைப் பெருமளவில் உண்டாக்க அந்தக் குறைதான் வழி திறந்தது. 1976இல் சீன வயல்களுக்கு ஒட்டு நெல் வந்தது. பாக்டீரியா இலைக் கருகலைத் தடுக்கும் எக்ஸ்ஏ21 என்ற மரபணு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டிலிருந்து வந்த காட்டு நெல்லினுடையது. தமிழ்நாட்டில் ஆந்திரா பொன்னி என்று பெயர்பெற்ற சம்பா மசூரிக்குள் வேறு இரு மரபணுக்களோடு அதையும் சேர்த்து, ஐதராபாத் ஆய்வு நிறுவனங்கள் 2008இல் மேம்பட்ட சம்பா மசூரியாக வெளியிட்டன. நம் சமையலறை வெண்டைக்காயில் மஞ்சள் நரம்புத் தேமலைத் தாங்கும் அர்க்கா அனாமிகா ரகத்துக்கு அந்தத் திறனைக் கொடுத்தது காட்டு வெண்டை. நெல், கரும்பு, வெண்டை என்று பயிர் மாறினாலும் கதையின் அமைப்பு ஒன்றுதான்: நம் கண்ணுக்குக் குறையாகவோ களையாகவோ தெரிந்த ஒன்று, வேறொரு நாளில் மருந்தாகிறது.

இதற்கு வல்லுநர்கள் சொல்லும் முதல் மறுப்பு நியாயமானது. காட்டு உறவோடு கலந்தால் வேண்டிய ஒரு மரபணுவோடு வேண்டாத நூறு சேர்ந்து வரும்: உதிரும் மணி, படுக்கும் தண்டு, மெலிந்த கதிர். அவற்றைக் கழித்துக்கட்ட ஆண்டுகள் ஆகும். பயிர்ப் பெருக்கம் செய்பவர் தேறிய ரகங்களுக்குள்ளேயே கலப்பு செய்தால் விரைவில் பலன் கிடைக்கும். பிறகு ஏன் இந்தத் தலைவலி? உண்மைதான். அதனால்தான் பெரும்பாலான பெருக்கத் திட்டங்கள் காட்டு உறவின் பக்கம் போவதில்லை, முடைப்பட்ட பிறகே போகின்றன. ஆனால் இந்த மறுப்பு வேலையின் கடினத்தைச் சொல்கிறதே தவிர, தேவை இல்லை என்று சொல்லவில்லை. குட்டை நோய்க்குப் பயிர் நெல்லில் மருந்து இருந்திருந்தால் யாரும் குளத்துக்குப் போயிருக்க மாட்டார்கள். மேலும், கடினமும் ஒரே அளவில் நிற்பதில்லை. ஜாக் ஹார்லனும் டி வெட்டும் 1971இல் பயிர்களின் உறவுகளை மூன்று வட்டங்களாகப் பிரித்தார்கள்: தடையின்றிக் கலப்பவை, முயன்றால் கலப்பவை, ஆய்வுக்கூட உத்தியின்றிக் கலக்காதவை. குளநெல் முதல் வட்டத்தில் இருக்கிறது; வேண்டாத மரபணு ஒட்டிக்கொண்டு வருகிறதா என்பதை இளநாற்றிலேயே கண்டுபிடிக்கும் குறியீடுகள் இன்று இருக்கின்றன. சம்பா மசூரிக்கு மரபணுக்களைச் சேர்த்தபோது அரிசியின் தரம் மாறாமல் காத்ததும் அந்தக் குறியீடுகள்தான்.

இரண்டாவது மறுப்பு புதியது. மரபணுவை நேரடியாகத் திருத்தும் கருவி கைக்கு வந்துவிட்டது. வேண்டிய பண்பை ஆய்வுக்கூடத்திலேயே எழுதிக்கொள்ளலாம். குளத்தைக் கட்டிக்கொண்டு அழுவானேன் என்பது அது. எழுதுகோல் கிடைத்துவிட்டது என்பதற்காக எழுத வேண்டியது என்ன என்று தெரிந்துவிடாது. எக்ஸ்ஏ21 மரபணுவை 1995இல் பமேலா ரொனால்டின் குழு பிரித்தெடுத்த பிறகுதான், நெற்செடி அந்த பாக்டீரியாவை எப்படி இனம் காண்கிறது என்பதே துலங்கத் தொடங்கியது. அந்த வாசகத்தை யாரும் யோசித்து எழுதவில்லை. ஆப்பிரிக்கச் சதுப்பில் ஒரு புல் எழுதி வைத்திருந்தது. புதிய கருவி காட்டு உறவின் மதிப்பைக் குறைக்கவில்லை, கூட்டியிருக்கிறது. 2018இல் காட்டுத் தக்காளியின் சில மரபணுக்களை மட்டும் திருத்தி அதைப் பயிருக்குரிய வடிவுக்குக் கொண்டுவந்தார்கள். 2021இல் சீன ஆய்வாளர்கள் நான்மடிக் குரோமோசோம் கொண்ட ஒரு காட்டு நெல்லில் அதே முயற்சியைத் தொடங்கினார்கள். காட்டிலிருந்து வயலுக்கு ஒரு மரபணுவைத் தூக்கி வருவதற்குப் பதில், காட்டுச் செடியையே வயலுக்கு அழைத்து வரும் வழி இது. அழைத்து வர, செடி இருந்தாக வேண்டும்.

மூன்றாவது மறுப்புதான் வலுவானது. செடி வேண்டும், சரி; விதை வங்கியில் இருந்தால் போதாதா? நிவாராவைக் கண்டெடுத்ததே வங்கியில்தானே, குளத்தில் இல்லையே? உறைகுளிரில் வைத்த விதை பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். குளத்தைக் காவல் காப்பதைவிடச் செலவும் குறைவு. விதை வங்கி இல்லாமல் இந்த அத்தியாயத்தின் பாதிக் கதைகள் நடந்திருக்காது என்பதை முழுமனதோடு ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் முதலில் வங்கியில் இருப்பு எவ்வளவு என்று பார்ப்போம். 81 பயிர்களின் 1,076 காட்டு உறவுகளை எடுத்துக்கொண்டு 2016இல் வெளியான ஓர் ஆய்வில், 313 உறவுகளின் விதை எந்த வங்கியிலும் ஒன்றுகூட இல்லை. மேலும் 257இன் இருப்பு பத்துத் தொகுப்புக்கும் குறைவு. ஆறாயிரத்தில் ஒன்று தேறிய அனுபவத்தை வைத்துப் பார்த்தால் பத்து என்பது கையிருப்பே அல்ல. கரும்பு போன்றவற்றை விதையாக உறையவைத்து நிம்மதியாக இருக்கவும் முடியாது. ஒவ்வொரு வகையையும் கரணை நட்டு, மறுதாம்பு விட்டு, உயிரோடு பேண வேண்டும். கரும்பு இனப்பெருக்க நிறுவனம் கண்ணூரில் அப்படி ஒரு தோட்டத்தையே பராமரிக்கிறது.

அளவை விட்டுவிட்டாலும் தன்மையில் ஒரு வேறுபாடு இருக்கிறது. உறைந்த விதை, திரட்டிய நாளில் எடுத்த நிழற்படம். குளத்துச் செடி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வாழ்க்கை. இது வெறும் உவமை அல்ல என்பதற்கு இஸ்ரேலிலிருந்து ஒரு சான்று உண்டு. அங்கே காட்டுக் கோதுமை, காட்டு வாற்கோதுமை ஆகியவற்றின் விதைகளை 1980இல் பல இடங்களிலிருந்து திரட்டி வைத்திருந்தார்கள். 28 ஆண்டுகள் கழித்து, 2008இல் அதே இடங்களுக்குப் போய் மீண்டும் திரட்டினார்கள். இரண்டு காலத்து விதைகளையும் ஒரே சூழலில் அருகருகே வளர்த்தபோது, பிந்தைய விதையிலிருந்து வந்த செடிகள் சராசரியாகப் பத்து நாள் அளவுக்கு முன்னதாகப் பூத்தன. வெப்பமும் வறட்சியும் ஏறிய அந்தக் காலத்தில் அந்தப் புல்லினங்கள் தங்களை மாற்றிக்கொண்டிருந்தன. வங்கியில் இருந்த அவற்றின் உடன்பிறப்புகளோ 1980இலேயே நின்றுவிட்டன. நல்ல செய்தி மட்டும் அல்ல இது, சில இடங்களில் மரபு வேறுபாடு குறைந்திருந்ததையும் அதே ஆய்வு காட்டியது. ஆனால் வாதத்துக்கு வேண்டியது இதுதான்: புதிய புகையானோடும், புதிய வைரஸோடும், மாறும் மழையோடும் நாள்தோறும் மோதிப் பார்க்கும் செடி இடத்தில் மட்டுமே இருக்கிறது. வங்கி நேற்றைய விடைகளைக் காக்கும். நாளைய விடைகள் குளத்தங்கரையில் உருவாகிக்கொண்டிருக்கின்றன. பழைய படத்தை எடுத்து இன்றைய முகத்தோடு ஒப்பிட இஸ்ரேலில் முடிந்தது என்றால், இரண்டும் இருந்ததால்தான்.

சரி, இடத்தைக் காக்க வேண்டும் என்றால் வேலி போட்டுத் தேசியப் பூங்கா ஆக்கிவிட்டால் தீர்ந்ததா? மெக்சிகோ கற்ற பாடம் வேறு. அந்நாட்டின் ஹாலிஸ்கோ மாநிலத்தில் மானன்ட்லான் மலைத்தொடரில், மக்காச்சோளத்தின் பல்லாண்டுக் காட்டு உறவு ஒன்று 1970களின் இறுதியில் அறிவியலாருக்குத் தெரியவந்தது. மக்காச்சோளத்தைத் தாக்கும் பல வைரஸ்களை அது தாங்கியது. அதைக் காப்பதற்காகவே அந்த மலைத்தொடர் 1987இல் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. ஆனால் அந்தச் செடி வளர்ந்தது உழவர் கைவிட்ட மக்காச்சோளக் கொல்லைகளிலும், மாடு மேயும் திறந்த வெளிகளிலும். மேய்ச்சலையும் உழவையும் முற்றிலும் நிறுத்தினால் காடு மூடிக்கொண்டு, நிழலில் அது நலியும் என்று தெரிந்தது. பயிர்களின் காட்டு உறவுகளில் பல இப்படித்தான். நம் பயிர்களைப் போலவே அவையும் வெயிலை விரும்புபவை, கலைந்த மண்ணில் முளைப்பவை, மனிதர் நடமாட்டத்தின் ஓரத்தில் பிழைப்பவை. குளநெல்லுக்கு ஏறி இறங்கும் தண்ணீர் வேண்டும். நாணலுக்கு வெள்ளம் புரட்டிப் போட்ட மணல் வேண்டும். இலங்கையின் உலர்வலயத்தில் மட்டும் வாழும் ஒரைசா ரைசோமாட்டிஸ் என்ற காட்டு நெல்லுக்கும் பருவத்தில் நிறைந்து பருவத்தில் வற்றும் பள்ளங்களே வீடு. இவற்றின் வாழிடம் காட்டுக்கும் வயலுக்கும் நடுவே உள்ள விளிம்பு. வனத்துறைக்கு அது காடு அல்ல, வேளாண் துறைக்கு வயல் அல்ல. இருவருக்கும் பொறுப்பில்லாத அந்த விளிம்புக்கு நம் நிர்வாகம் வைத்த பெயர்தான் புறம்போக்கு.

உழவர் பக்கத்திலிருந்து ஒரு மறுப்பு எழும். அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இவை களைகள். நாணல் வேர் பிடித்தால் நிலத்தையே கைவிட வேண்டியதுதான். மத்திய இந்தியாவில் அதை ஒழிக்க ஒரு காலத்தில் அரசே டிராக்டர்களை இறக்கியது. காட்டு நெல் வயலுக்குள் புகுந்து பயிர் நெல்லோடு கலந்தால், உதிரும் மணியுடைய களை நெல் பிறந்து விளைச்சலைத் தின்றுவிடும். இந்த அச்சம் உண்மையானது. ஆனால் கலப்பு ஒருவழிப் பாதை அல்ல. வயலின் மகரந்தமும் குளத்துக்குப் போகிறது. தைவானில் பாசனக் குளங்களில் வாழ்ந்த காட்டு நெல், குளங்களின் நிலை மாறியதாலும், சுற்றிலும் இருந்த பயிர் நெல்லின் மரபணுக்கள் அதற்குள் புகுந்து தன்மை கெட்டதாலும் 1970களில் மறைந்தது. வயலுக்குள் குளநெல்லை விட்டுவையுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. வயலில் களை எடுப்பது உழவர் உரிமை. வயலிலிருந்து தள்ளி இருக்கும் சில குளங்கள், சில ஆற்றுத் திட்டுகள் என்று தேர்ந்தெடுத்து அங்கே அவற்றை விட்டுவைப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. எல்லா இடத்தையும் காக்க முடியாது. எந்த இடம் என்று தெரிந்து காக்க வேண்டும்; அதற்கு முதலில் கணக்கெடுக்க வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. மேகாலயத்தின் நோக்ரெக் மலையில் காட்டு ஆரஞ்சு இனத்துக்கென்றே இந்தியா ஒரு மரபணுச் சரணாலயத்தை ஏற்படுத்தியிருக்கிறது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம், வனத்துக்கு வெளியே உள்ள நிலங்களையும் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்க மாநில அரசுகளுக்கு அதிகாரம் தருகிறது. பயிர்களின் காட்டு மூதாதைகள் வாழும் இடம் என்பது அந்த அறிவிப்புக்கு ஏற்ற காரணங்களில் ஒன்று. தமிழ்நாட்டில் 2022இல் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி முதல் தலமாக அறிவிக்கப்பட்டது. குன்றும் சுனையும் ஏரியுமான ஊர் அது. ஒரு கிராமத்தின் நிலப்பரப்பே சட்டத்தின் காப்புக்குள் வர முடியும் என்பதை அது காட்டிவிட்டது. ஒரு குளநெல் குளத்துக்கும் இது பொருந்தாமல் போகக் காரணமில்லை.

1934இல் கோயம்புத்தூர் நிலையத்தில் சேர்ந்து, நாணலின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணி, கரும்பை மக்காச்சோளத்தோடுகூடக் கலந்து பார்த்தவர் இ.கே. ஜானகி அம்மாள். டார்லிங்டனோடு சேர்ந்து 1945இல் பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை வெளியிட்டவர். எண்பது வயதைத் தாண்டிய பிறகு அவர் கையிலெடுத்த காரியம் அமைதிப் பள்ளத்தாக்கைக் காப்பது. அந்தக் காட்டின் தாவரங்களை அணைத் திட்டம் மூழ்கடிப்பதற்குள் அவற்றின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்க முனைந்தார். 1984 பிப்ரவரியில் அவர் மறைந்தார். அதே ஆண்டு பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவானது. செல்லுக்குள் பார்த்தவர் முடிவில் செடி நிற்கும் இடத்துக்காகப் போராடியதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. இந்த அத்தியாயம் நடந்து வந்த வழியும் அதுவே. ஆனால் மழைக்காட்டுக்காகக் குரல் கொடுக்க ஆள் உண்டு, அதன் அழகே பாதி வழக்கை வாதாடிவிடும். சேறும் கோரையும் மண்டிய குளத்தங்கரைக்கு அந்த வசதி இல்லை.

அதற்கு வேண்டியதும் பெரிய போராட்டம் அல்ல. குடிமராமத்து என்ற பெயரில் கோடைதோறும் ஏரிகளைத் தூர்வாருகிறோம். வண்டலை அள்ளி வயலுக்குப் போடுவது நல்ல வேலை, பழைய வழக்கம். ஆனால் குளநெல்லின் அடுத்த ஆண்டு விதை முழுவதும் அந்தக் கோடையில் அந்த வண்டலுக்குள்தான் உறங்குகிறது. பொக்லைன் கரை ஓரம் வரை ஒரே சீராகச் சுரண்டினால் ஒரு பருவத்தில் அந்தக் குளத்தின் காட்டு நெல் கணக்கு முடிந்துவிடும். விதையும் வேண்டாத வயலுக்குப் போய்ச் சேரும். குளநெல் இருக்கிறது என்று கண்ட ஏரியில், ஆழமில்லாத பக்கமாக ஒரு பட்டையை மட்டும் சுரண்டாமல் விட வேண்டும்; அதற்குப் பதில் வண்டலை நடுக்குளத்தில் ஓர் அடி கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். தூர்வாரும் மதிப்பீட்டில் ஒரு வரி, கிராம வரைபடத்தில் ஒரு கோடு, பதிவேட்டில் 'ஏரிப் புறம்போக்கு' என்ற இடத்துக்கு நேரே, குறிப்புகள் என்ற கட்டத்தில், ஒரு செடியின் பெயர். இப்போதைக்கு அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது.